வீட்டில கோப்பி வறுக்கிற மெசின்: கனடாவில இருந்து கொண்டுவரலாமோ?

கோண்டாவில் வாசி கேட்டது:

வணக்கம். தாச்சியில வறுக்கிற கோப்பி ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வெளுத்துப் போகுது. 200, 250 கிராம் வறுக்கக்கூடிய சின்ன மெசின் ஒண்டு எடுக்கிற யோசனை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில இருந்து ஆக்கள் வருகினம். ஃபிரெஷ் ரோஸ்ட் எண்ட வறுக்கிற மெசினைக் கொண்டுவரச் சொல்லலாமோ? பச்சைக் கொட்டை எப்பிடிப் பார்த்து வாங்கிறது, முதல் வறுவலை எப்பிடிச் செய்யிறது? வீட்டில மல்லி போட்ட தூள்தான் குடிக்கிறது. மல்லியையும் மெசினுக்குள்ளேயே போடலாமோ?

வயர்மன்:

கனடா மெசினை விடுங்கோ. ஃபிரெஷ் ரோஸ்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. எங்கட கறண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 1,500 வாற் இழுக்கிற சாமானுக்கு 2,000 விஏ (வோல்ட்-அம்பியர், அது தாங்குற அளவு) க்குக் குறையாத ரான்ஸ்போமர் வேணும். அது பாரம், இரைச்சல், காசும் கூட. பயணத்துக்கு எண்டு விக்கிற கைக்கடக்கமான கொன்வேட்டரைக் கொழுவினால் மெசினுக்குள்ள இருக்கிற போர்ட் போயிடும். நல்ல ரான்ஸ்போமரும் வோல்ட்டை இறக்குமே தவிர ஹேர்ட்ஸை மாத்தாது. ஃபிரெஷ் ரோஸ்டில உருளை இல்லை, ஆனால் வேற கனடா மெசினில உருளையைச் சுத்துறது ஹேர்ட்ஸைப் பொறுத்து ஓடுற ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் எண்டால் வேகம் ஆறில ஒரு பங்கு குறையும்.

லண்டன் ஆக்கள் வந்தால் கதை வேறை. அங்கையும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதே 13 அம்பியர் சதுரப் பிளக். ஜீன் கஃபே எண்ட உருளை மெசின் மாதிரி 230 வோல்ட்டுக்கு வாறதைக் கேளுங்கோ. பெட்டியில எழுதினதை நம்பாமல், மெசினில ஒட்டின தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. 220–240 எண்டு அடிச்சிருக்க வேணும். 1,300 வாற் எண்டால் கிட்டத்தட்ட 6 அம்பியர் இழுக்கும், ஆனபடியால் 5 அம்பியர் உருண்டைப் பிளக்கில கொழுவக்கூடாது.

கருங்கோப்பி:

கொட்டையில இருந்து தொடங்குவம். சந்தையில அள்ளிப் போட்டு விக்கிறதில பல வீட்டுக் கொட்டை கலந்திருக்கும். ஒண்டு நல்லாக் காய்ஞ்சது, ஒண்டு அரைகுறை. எந்த மெசினிலயும் அது ஒரே நிறத்துக்கு வராது. கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கத்தில ஒரே தோட்டத்து அரபிக்கா ரெண்டு கிலோவாக எடுங்கோ. அப்பதான் ருசி மாறினால் வறுவலால மாறினது எண்டு தெரியும். ஈரப்பதம் 10–12 சதவீதம் இருக்க வேணும். மாரியில சாக்கில வைச்சால் ஈரத்தை இழுக்கும். காத்துப் புகாத வாளியில போட்டு மூடி வையுங்கோ. வறுக்க முன்னம் சுளகில பரவி, கறுத்தது, பூச்சி துளைச்சது, கல்லு எல்லாம் பொறுக்குங்கோ. கல்லு மெசினை ஒண்டும் செய்யாது, அரைக்கிற பல்லைத்தான் உடைக்கும்.

ஒவ்வொரு முறையும் 200 கிராம்தான். 250 போடலாம் எண்டு புத்தகம் சொன்னாலும் வேண்டாம். ஜீன் கஃபேயை வெறுமனே 5 நிமிசம் சூடாக்கிப் போட்டு, கொட்டையைப் போட்டு 240 பாகையில விடுங்கோ. அதில தெரியிற எண் வெளியேறுற காத்தின்ர சூடு, கொட்டையின்ர சூடு இல்லை. வேற மெசின்காரர் சொல்லுற எண்ணோட ஒப்பிட்டுக் குழம்பாதேங்கோ. கொட்டையின்ர உண்மைச் சூட்டில முதல் வெடிப்பு (கொட்டை சத்தத்தோட வெடிக்கிறது) 196 பாகை அளவில வரும், ரெண்டாவது 225க்குக் கிட்ட.

பார்க்க வேண்டியது நிறம், மணம், சத்தம். 4–5 நிமிசத்தில பச்சை போய் வைக்கோல் மஞ்சளாகும். பிறகு மண்ணிறம் ஏறும், தோல் உமி கழரும். 10 நிமிசம் அளவில சோளம் பொரியிற மாதிரிப் படபடவெண்டு கேட்கும். அந்த நேரத்தைக் குறியுங்கோ. 12இல நிற்பாட்டினால் வெடிச்ச பிறகான நேரம் மொத்தத்தில 17 சதவீதம் அளவு, வெறுங்கோப்பிக்குக் காணும். பால்கோப்பிக்கு ரெண்டாவது வெடிப்பு தொடங்கிற நேரம் எடுங்கோ, அதைத் தாண்டி விட்டால் எண்ணெய் கசிஞ்சு கரிப்புத்தான். நிறத்தை விட நிறை நம்பக்கூடியது: 200 கிராம் 172 ஆனால் இளவறுவல், 168 நடுத்தரம், 162 கடுவறுவல்.

எங்கட சூட்டில இந்த மெசின் ஆற நேரமெடுக்கும். 60 பாகைக்கு இறங்குமட்டும் உள்ளுக்கை கிடந்தால் கொட்டை இன்னும் கறுக்கும். ஆறவிடுற நிலையில ரெண்டு நிமிசம் ஓடவிட்டு, சூட்டுக் கம்பி தணிஞ்ச பிறகு நிற்பாட்டி, தடித்த கையுறையோட உருளையைக் கழட்டி உலோக அரிதட்டில கொட்டுங்கோ. மேசை ஃபானுக்கு முன்னால கிளறினால் நாலு நிமிசத்தில கை பொறுக்கிற சூட்டுக்கு வரும். உமிப் பெட்டியை ஒவ்வொரு வறுவலுக்குப் பிறகும் காலியாக்குங்கோ, தீப்பிடிக்கிறது அதிலதான்.

மல்லி உள்ளுக்கை போடவே கூடாது. கொட்டைக்குத் தேவையான சூட்டில அது கரியாகிடும், எண்ணெய் மணமும் உருளையில ஒட்டிக்கொண்டு அடுத்த வறுவலிலயும் நிற்கும். தாச்சியில தனிய வறுத்து அரைக்கேக்கை சேருங்கோ. சுக்கும் அப்பிடித்தான். வறுத்த கோப்பியை ஒரு நாளாவது ஆறவிட்டு அரைச்சால் நல்லது. வெறுங்கோப்பிக்கு நாலு நாள் பொறுத்தால் இன்னும் நல்லாயிருக்கும்.

மானிப்பாய்:

இடையில கேட்கிறதுக்கு மன்னிக்கவும். என்னட்டையும் ஜீன் கஃபேதான். 240 கிராம், 17 நிமிசம் விட்டும் வெடிச்ச சத்தம் இல்லை. மண்ணிறமாக வருது, ஆனால் குடிக்கப் பாண் மணம். பின்நேரம் ஆறு ஏழு மணிக்கு வெளி விறாந்தையில வைச்சு வறுக்கிறது.

வயர்மன்:

அந்த நேரம்தான் எல்லா வீட்டிலயும் லைற், ஃபான், மோட்டார். பிளக்கில மீற்றரைப் போட்டுப் பாருங்கோ. 200 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் சூடு வோல்ட்டின்ர வர்க்கத்துக்கு ஏற்பத்தான் குறையும். 1,300 வாற் மெசின் 980 வாற்றுக்கு வந்திடும், அதாவது கால்வாசி போச்சு. காலமை வறுங்கோ. நீள எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டாம்.

கருங்கோப்பி:

அதோட 240 கிராம். அதுக்கு மேல விறாந்தையில சோளகக் காத்து அடிச்சால் மெசின் சூட்டைப் பிடிக்கவே மாட்டுது. கொட்டை பொரியாமல் வேகுது, அந்தப் பாண் மணம் அதுதான். 200 கிராமுக்கு இறக்கி, புகை போக ஒரு யன்னல் திறந்திருக்கிற, காத்து நேரே அடிக்காத மூலையில வையுங்கோ. 14 நிமிசத்துக்குள்ள வெடிக்காட்டி 180 கிராமுக்கு இறக்கிப் பாருங்கோ. மெசினில வைக்கிற சூட்டு அளவை மட்டும் கூட்டிப் பிரயோசனம் இல்லை, கம்பி ஏற்கெனவே முழுசா எரிஞ்சுகொண்டுதான் இருக்கு.

கோண்டாவில் வாசி:

நன்றி. லண்டன் பக்கம் சொல்லிவிடுறன். நடுவில கறண்ட் போனால் என்ன செய்யிறது? கம்பியூட்டர் யூபிஎஸ் காணுமோ?

கருங்கோப்பி:

காணாது, அது 1,300 வாற் தாங்காது. கறண்ட் போனால் காத்தும் நிற்கும், உருளையும் நிற்கும், கொட்டை கிடந்த இடத்திலயே கருகும். உடனே பிளக்கைக் கழட்டி, கையுறையோட உருளையை எடுத்து அரிதட்டில கொட்டி, சுளகால வீசுங்கோ. கையுறையும் அரிதட்டும் தொடங்க முன்னமே பக்கத்தில இருக்க வேணும். உள்ளுக்கை நெருப்புத் தெரிஞ்சால் மட்டும் திறக்காதேங்கோ, காத்துப் பட்டால் இன்னும் எரியும். பிளக்கைக் கழட்டிப் போட்டு, மூடினபடியே அணையவிடுங்கோ. தண்ணி ஊத்த வேண்டாம். முதல் வெடிப்புக்கு முன்னம் கறண்ட் போன கொட்டையைத் திரும்ப வறுத்தாலும் ருசி வராது, அதை மல்லி போட்ட கோப்பித் தூளுக்கு ஒதுக்குங்கோ.