முளைத்தது, சாய்ந்தது, மறுபடி விதைத்தது

இளவேனில் வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. காலையில் எழுந்ததும் முதலில் போய் நிற்பது விதைத் தட்டின் முன்னால்தான். இந்த முறை ஒரு குழித்தட்டில் தக்காளி, இன்னொன்றில் மிளகாய், மூன்றாவதில் கத்தரி. தக்காளி ஆறாம் நாள் தலை காட்டியது. முதுகை வளைத்து மண்ணை முட்டிக்கொண்டு, விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி ஒவ்வொன்றாக எழுந்தது. இரண்டே நாளில் தட்டு முழுக்கப் பச்சை. பத்தாம் நாள் காலையில் பார்த்தால், ஒரு மூலையில் ஏழெட்டு நாற்று படுத்துக் கிடந்தது.

தண்ணீர் போதவில்லை போல என்று பூவாளியை எடுத்து நன்றாகத் தெளித்துவிட்டேன். அதுதான் தப்பு. மாலைக்குள் பாதித் தட்டு சாய்ந்துவிட்டது. ஒரு நாற்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். விதையிலை இரண்டும் பச்சையாகத்தான் இருந்தன, வாட்டமே இல்லை. ஆனால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் மாதிரி மெலிந்து, பழுப்பேறி, நகம் பட்டதும் நைந்துபோனது. நாற்றழுகல் நோய். தண்ணீர் இல்லாமல் வாடும் செடி இலையில்தான் முதலில் தொய்யும். இது அடித்தண்டில் நைந்து, மேலே பச்சை மாறாமல் சாயும். இந்த வித்தியாசம் காலையிலேயே தெரிந்திருந்தால் பூவாளியைத் தொட்டிருக்க மாட்டேன்.

பித்தியம், ரைசோக்டோனியா என்று மண்ணிலேயே இருக்கும் நோய்க்கிருமிகள்தான் இதற்குக் காரணம். மண் சொதசொதவென்று இருந்து, காற்றோட்டமும் இல்லாமல், நாற்று நெருக்கமாகவும் நின்றுவிட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம். என் தட்டில் மூன்றும் இருந்தன. முளைத்த பிறகும் மூடியை எடுக்கவில்லை, ஒரு குழிக்கு நான்கு விதை போட்டிருந்தேன், காலையும் மாலையும் மேலே தண்ணீர் தெளித்தேன். சாய்ந்த நாற்றை நிமிர்த்த எந்த மருந்தும் இல்லை. அந்தத் தட்டை அப்படியே அப்புறப்படுத்திவிட்டு, மறுநாளே வேறொரு தட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிய தென்னை நார்க்கழிவு நிரப்பி மறுபடி விதைத்திருக்கிறேன். குழிக்கு இரண்டு விதைதான். தண்ணீரும் இப்போது அடியிலிருந்துதான்: அகலமான தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றித் தட்டைக் கால் மணி நேரம் வைத்து எடுத்துவிடுகிறேன். மேல்மண் நிறம் மாறினால் போதும், எடுத்து வடியவிட்டுவிடலாம்.

மிளகாய்த் தட்டு இன்னும் வெறும் மண்ணாகத்தான் இருக்கிறது, பதினான்கு நாள் ஆயிற்று. உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா? என்ன செய்தீர்கள்?

* * *

அக்கா, மிளகாய்த் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். போன வருடம் நான் பதினைந்தாம் நாள் பொறுமை இழந்து கிளறிப் பார்த்தேன். விதைகள் வெடித்து வெள்ளை வேர் விட்டிருந்தன. நான் கிளறியதில் அத்தனையும் முறிந்தது. மிளகாய்க்கு மண் 25 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் முளைக்கும். இரவுக் குளிர் விடாத நாட்களில் மூன்று வாரம்கூட ஆகும். பகலில் வெயில் பட்டுச் சூடேறிய சுவர் ஓரமாகத் தட்டை வைத்துப் பாருங்கள்.

என் சறுக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். ஜன்னலோரம் வளர்த்த தக்காளி நாற்று நான்கு இலை விட்டு அழகாக நின்றது. ஒரு நாள் நல்ல வெயில் அடிக்கவும், அத்தனையையும் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் வந்தால் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக, காகிதம் மாதிரி உலர்ந்த திட்டுகள். ஏதோ நோய் என்றே நினைத்தேன். வெறும் வெயில்தான். உள்ளே வளர்ந்த இலைக்கு நேரடி வெயிலும் காற்றும் பழக்கமே இல்லை. வெளுத்த இடம் திரும்பப் பச்சையாகவில்லை. ஆனால் குருத்து உயிரோடு இருந்ததால் பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன.

இப்போதெல்லாம் முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இளவெயில், எட்டு முதல் பத்து நாளில் முழு வெயில் என்று பழக்குகிறேன். ஜன்னலோரத்தில் வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்ந்துவிட்ட தக்காளியைக் கவலைப்படாமல் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டை ஆழமாகப் புதையுங்கள், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த அளவுக்கு ஆழம் வேண்டாம்.

* * *

நான் சொல்லப்போவது நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கும் விஷயம். அவரைக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. கருப்பு மணி கோத்த மாதிரித் தண்டே தெரியவில்லை. அவற்றுக்கு நடுவே ஒரு புது ஜந்து. அரை விரற்கடை நீளம், சாம்பல் கலந்த கருப்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, பார்க்கக் குட்டி முதலை மாதிரி. இதுதான் பெரிய எதிரி என்று முடிவு கட்டி ஒவ்வொன்றாகத் தேடி நசுக்கினேன். பத்துப் பதினைந்து இருக்கும். அசுவினியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அது பொறிவண்டின் புழு. நாம் எல்லோரும் ஆசையாகக் கையில் ஏற்றிக்கொள்ளும் அதே சிவப்பு வண்டின் குழந்தைப் பருவம். அசுவினியைத் தின்பதில் வண்டுக்குச் சளைத்ததில்லை. எனக்காக வேலை பார்த்தவற்றையே கொன்றிருக்கிறேன் என்று தெரிந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரத்தில் அசுவினி மூன்று கொடிக்குப் பரவிவிட்டது. அது ஆணோடு சேராமலே குட்டி போடும் பூச்சி, நாள் கணக்கில் பெருகும்.

அப்புறம் தினமும் காலையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு கொடிக்குக் கீழே உட்கார ஆரம்பித்தேன். கொழுந்துக்கு எறும்பு வரிசையாக ஏறி இறங்கும். ஒரு எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியின் பின்புறத்தை மெல்லத் தட்டியது. ஒரு சொட்டு தேன் மாதிரித் திரண்டு வந்தது. எறும்பு அதை உறிஞ்சிக்கொண்டு நகர்ந்தது. அந்த இனிப்புக்காகப் பொறிவண்டை விரட்டி அசுவினிக்குக் காவல் இருப்பதும் எறும்புதான். ஆக நான் கை வைக்க வேண்டிய இடம் வேறாக இருந்திருக்கிறது. கொடியின் அடியில் எறும்பு ஏறும் வழியைத் தடுத்தேன். கொழுந்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்தேன். இலைக்கு அடியில் மஞ்சளாக, நட்டுக்குத்தலாக, கொத்தாக நிற்கும் முட்டைகளைத் தொடவே இல்லை. அவை பொறிவண்டின் முட்டைகள். பத்து நாளில் குட்டி முதலைகள் திரும்ப வந்துவிட்டன.

வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிப்பதற்கு முன்னால் இலையைத் திருப்பி அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். வெயில் தாழ்ந்து, தேனீ போன பிறகு அடியுங்கள்.

* * *

என்னுடையது சின்ன விஷயம். பூசணியில் இருபது பூ பூத்தும் ஒரு பிஞ்சு இல்லை என்று கொடியையே பிடுங்கப் போனேன். ஆரம்பத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூ என்று பிறகுதான் தெரிந்தது. பூவுக்குக் கீழே குட்டிக் காய் மாதிரி உருண்டை இருந்தால் அது பெண் பூ. அது வர இன்னும் சில நாள் பிடிக்கும். தேனீ வராத இடமானால் காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்.

* * *

பாதி மக்கிய சருகை மண்ணில் கிளறிவிட்டுக் கீரை விதைத்தவன் நான். முளைத்த கீரை வளராமல் மஞ்சளாகவே நின்றது. சருகை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தங்களுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. இப்போது அதே சருகை மண்ணுக்கு மேலே மூடாக்காக மட்டும் போடுகிறேன், தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி. ஈரமும் நிற்கிறது, களையும் குறைந்திருக்கிறது. நத்தை வந்து ஒளியும், அதை ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுவேன்.

* * *

முதலில் எழுதிய நான்தான். தம்பி சொன்ன மாதிரி மிளகாய்த் தட்டைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன். பத்தொன்பதாம் நாள் மூன்று, இருபத்தொன்றாம் நாள் பதினொன்று. மூடியை முதல் முளை தெரிந்ததுமே எடுத்துவிட்டேன். இரண்டாவதாக விதைத்த தக்காளியில் ஒன்றும் சாயவில்லை. தினமும் தட்டை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறேன், கனமாக இருந்தால் தண்ணீர் கிடையாது.

கத்தரியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது ஒரு சேதமும் இல்லாமல் மூன்றாவது இலை விட்டுவிட்டது. நேற்று அதன் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் நான்கைந்து அசுவினி இருந்தது. நசுக்க விரலைக் கொண்டுபோனேன், பக்கத்து இலையில் மஞ்சள் முட்டைக் கொத்து ஒன்று நட்டுக்குத்தலாக நின்றது. அப்படியே விட்டுவிட்டேன். நாளைக் காலையில் கண்ணாடியோடு போய்ப் பார்க்க வேண்டும்.