டிஷ்வாஷர் ஃபில்டர் கழுவுறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

மாசம் ஒரு தடவ ஃபில்டர பாத்தா போதும்னு மெஷினோட வந்த புக்ல போட்டிருக்கும், அத நம்பாதீங்க. தினம் இட்லி மாவு பாத்திரம், மிக்ஸி ஜார், தாளிப்புக் கரண்டி எல்லாம் உள்ள போற வீட்டுக்கு வாரம் ஒரு தடவையாவது திறந்து பாக்கணும். எங்க வீட்டு ஃபில்டர்ல கடுகு, கறிவேப்பிலக் காம்பு, புளி நார், முருங்கக்காய் சக்கைன்னு அந்த வாரம் என்ன சமச்சோம்னு அப்படியே சொல்லிடலாம் 😄

இதுல கடுகு கூட பரவால்ல, கொட்டுனா போயிடும். உளுந்து மாவுதான் வில்லன். சூடு தண்ணி பட்டதும் வெந்து அந்த பொடி வலைக் கண்ணுல போய் ஒட்டிக்கும், வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சீங்கன்னா அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது, தண்ணி இறங்காம அடியிலயே தேங்கி நாத்தம் வர்றது இதனாலதான்.

கீழ் ட்ரேய வெளிய எடுத்துட்டா அடியில உருளையா இருக்கும், இடது பக்கமா திருப்பித் தூக்குனா வந்துடும். எங்களுதுல மூணு பீஸ், உருளை, அதுக்குள்ள ஒரு வலை, கீழ தட்டையா ஸ்டீல் வலை ஒண்ணு. முதல்ல பச்சத் தண்ணில மாவ எடுத்துடுங்க, சுடுதண்ணில நேரா போட்டா இன்னும் வெந்து ஒட்டும். அப்புறமா வெதுவெதுன்னு தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு ஊற வச்சு பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சா போதும், ஸ்டீல் நார் மட்டும் போடவே போடாதீங்க, வல கிழிஞ்சிடும். லிக்விட் நுரை போற வரைக்கும் நல்லா அலசிட்டு மாட்டுங்க, இல்லன்னா மெஷினுக்குள்ள நுரையா பொங்கும். மாட்டும்போது லாக் ஆகுற வரைக்கும் திருப்பணும். லூஸா விட்டா கடுகு, எலுமிச்ச விதை எல்லாம் நேரா பம்புக்குத்தான் போகும்.

ஃபில்டர எடுத்த அந்தக் குழியில கை விடுறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிடுங்க. உடஞ்ச டம்ளர் துண்டு அங்கதான் கிடக்கும், ஸ்பான்ஜ்ல தண்ணிய ஒத்தி எடுத்துட்டு பாத்துக்கிட்டே கை வைங்க.

——

அக்கா நீங்க சொன்ன மாதிரியே ஃபில்டர் பளபளன்னு இருந்தும் எங்க வீட்ல டம்ளரெல்லாம் வெள்ள பூத்தே வந்துச்சுங்க. நாங்க கோயம்புத்தூரு, வீட்டுக்குள்ள நல்ல தண்ணி லைன் தனி, உப்புத் தண்ணி லைன் தனி. பிளம்பர் மெஷின உப்புத் தண்ணில கோத்து விட்டுட்டுப் போயிட்டாருங்க! சிறுவாணித் தண்ணி லைனுக்கு மாத்துனதும் பாதி சரியாச்சு.

மீதிக்கு மெஷினுக்குள்ள உப்பு போடுற அந்த சால்ட் டப்பாவ பாருங்க. உள்ள ஒரு ரெசின் இருக்குது, அது தண்ணில இருக்கிற கால்சியம் மெக்னீசியத்த புடிச்சு வச்சுக்கும், அது நிறஞ்சு போனா உப்புக் கரைசல் ஓடித்தான் மறுபடி தயாராகும். அதனால உப்பு தீர்ந்தா ஃபில்டர தேய்ச்சு ஒண்ணும் ஆகாதுங்க. சமையல் தூள் உப்பு போட்டுறாதீங்க, டிஷ்வாஷருக்குன்னே கல்லு கல்லா விக்கிற உப்புதான். தண்ணி எவ்வளவு கடினம்னு மெஷின்ல செட்டிங்கும் இருக்குது, போர் தண்ணிக்கு அத ஏத்தி வைக்கோணும்.

வெள்ளயா இருக்கிற எடத்துல வினிகர் ஒரு சொட்டு விட்டுத் தேய்ச்சுப் பாருங்க. போச்சுன்னா உப்பு, போகலைன்னா கண்ணாடியே அரிச்சுப் போச்சுன்னு அர்த்தம், அதுக்கு மருந்தில்ல.

——

பெங்களூர்ல இருக்கோம், சமையல் மட்டும் நாகர்கோவில் சமையல். தேங்காண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறஞ்சிடும்லா, டிசம்பர்ல காலைல ஃபில்டரத் திறந்தா வெள்ளையா மெழுகா படிஞ்சு கெடக்கும், அதுல தேங்காத் துருவல் வேற. தினமும் குயிக் வாஷே போட்டா அப்படித்தான் ஆகும். இப்ப இடையில கடாய், குக்கர் எல்லாம் சேத்து 70 டிகிரி புரோகிராம் ஒண்ணு ஓட்டிருவேன், உள்ள இருக்க பிசுக்கு எல்லாம் அதுலயே போயிரும்.

அத்தை இருக்காங்கல்லா, அவங்க எல்லாப் பாத்திரத்தையும் சிங்க்ல நல்லா கழுவிட்டுதான் உள்ள வைப்பாங்க. பிறகு மெஷின் எதுக்கு அத்தைன்னு கேட்டா சிரிப்பாங்க. சோத்தயும் எலும்பயும் வழிச்சுப் போட்டா போதும், மெஷின்ல போடுற சோப்பு டேப்லெட்ல இருக்க என்சைம் மாவுச்சத்தத் தின்னு தீக்கத்தான் இருக்கு. ஆனா மாவுப் பாத்திரம் விஷயத்துல மட்டும் அத்தை கட்சிதான் நான் 🙈

——

ஃபில்டர் சுத்தமா இருந்தும் மேல் தட்டுல இருக்க கிண்ணம் அழுக்காவே வருது, ஏன்?

——

தண்ணி பீச்சுற ஸ்ப்ரே ஆர்ம கழட்டி காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, கலகலன்னு சத்தம் வந்தா உள்ள கடுகு, சீரகம்தான். குழாய்க்கு நேரா காட்டி கவுத்துக் கொட்டுங்க, ஓட்டைய பல்குச்சியால குத்தி விடுங்க. வெள்ளையா உப்பு கட்டியிருந்தா சிட்ரிக் ஆசிட் கரச்ச சுடுதண்ணில ஊற வைங்க, அதோட ப்ளீச்ச மட்டும் சேத்துடாதீங்க, விஷ வாயு வரும். கீழ் ஆர்ம் பொதுவா நேரா மேல இழுத்தாலே வந்துடும். மேல் ஆர்முக்கு நடுவுல ஒரு நட்டு இருக்கும், எந்தப் பக்கம் திருப்பணும்னு மாடலுக்கு மாடல் மாறும், புக்கப் பாத்துட்டு திருப்புங்க. பிளாஸ்டிக்தான், அழுத்துனா போச்சு.