ஆறு வயதுக் குழந்தைக்கு முழங்காலில் டிபியா (காசநோயா)? சதை எடுத்துப் பார்த்தே ஆகணுமா?

தென்காசி அம்மா:
மகளுக்கு தீபாவளிக்கு முன்பிருந்தே இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. சூடு இல்லை, சிவப்பு இல்லை, நொண்டித்தான் நடக்கிறாள், ராத்திரி தூக்கத்தில் திடீரென்று வீறிட்டு அழுகிறாள். முதலில் எங்கேயோ விழுந்திருப்பாள் என்றார்கள், அப்புறம் மூட்டுவாதம் என்றார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அதிகம், எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐ பார்த்த டாக்டர் டிபியாக இருக்கலாம், மூட்டிலிருந்து சதை எடுத்துப் பார்க்கணும் என்கிறார். இன்னொருவர் மாத்திரையைத் தொடங்குவோம், குறைந்தால் டிபிதான் என்கிறார். பச்சைப் பிள்ளை காலில் கத்தி வைக்காதே என்று அத்தை அழுகிறார். இருமலே இல்லை, டிபி தடுப்பூசியான பிசிஜியும் போட்டிருக்கிறது, எப்படி டிபி வரும்?

குழந்தைகள் எலும்பு மருத்துவர், மதுரை:
தயவுசெய்து பயாப்சி (சதை எடுத்துப் பார்ப்பது) செய்துவிடுங்கள் அம்மா. மாத்திரையில் வீக்கம் குறைந்தால் டிபி என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் டிபி மருந்தான ரிஃபாம்பிசின் வேறு சில கிருமிகளையும் கொல்லும். அதேபோல் மூட்டுவாதம் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருந்தது டிபி என்றால் மூட்டு வேகமாக அரிக்கும். எக்ஸ்ரே ஆரம்பத்தில் சாதாரணமாகத் தெரிவது வழக்கம்தான். குழந்தைகளின் மூட்டில் கிருமி மிகக் குறைவு, அதனால் நீரை மட்டும் உறிஞ்சிப் பார்த்தால் தவறிப்போகும், மூட்டின் உள்சவ்வு வேண்டும். ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் (பதப்படுத்தும் திரவத்தில்) போட்டுவிட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்யவே முடியாது, ஒரு பகுதி ஸ்டெரைல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீரில்) போகணும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை சில மணி நேரத்திலேயே டிபியா என்றும் ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்றும் சொல்லிவிடும், கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும். சிபிநாட் நெகட்டிவ் என்றாலும் டிபி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பிசிஜி முக்கியமாக மூளைக்காய்ச்சல் வகை டிபியையும் உடல் முழுக்கப் பரவும் வகையையும்தான் தடுக்கிறது. இருமல் இல்லாவிட்டாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். நடுவில் கடுங்காய்ச்சல் வந்து காலைத் தொடவே விடவில்லை என்றால் அது மூட்டில் சீழ் பிடித்ததாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஈரோடு அபி அம்மா:
என் மகனுக்கு முதுகெலும்பில் வந்து இப்போது சரியாகிவிட்டது, தைரியமாக இருங்கள் தோழி. எலும்பு டிபிக்கு பொதுவாக 12 மாதம் மருந்து, சிலருக்கு இன்னும் நீளும். முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு அவற்றில் பைரசினமைடு மட்டும் நின்று மற்றவை தொடரும். சின்னப் பிள்ளைகளுக்கு தண்ணீரில் கரைகிற மாத்திரையே இருக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்துதான், பயப்படாதீர்கள். ஆனால் விடாமல் வாந்தி, கண் மஞ்சள் என்றால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். வலி சீக்கிரமே போய்விடும், பிள்ளை ஓட ஆரம்பித்துவிடும், அப்போதுதான் சொந்தக்காரர்கள் எதற்கு இத்தனை மாத்திரை என்பார்கள், காதில் வாங்காதீர்கள். முதுகெலும்பு என்றால் மருந்து முடிந்த பிறகும் வளர்ச்சி நிற்கும் வரை எக்ஸ்ரே பார்க்கணும், நோய் ஆறிய பின்னும் சில பிள்ளைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போகுமாம். யாருக்கு அப்படி ஆகும் என்று எக்ஸ்ரேயில் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் அடையாளங்களை கோவை டாக்டர் ராஜசேகரன் 2001இல் எழுதியிருக்கிறார், எங்கள் டாக்டர் அதைக் காட்டித்தான் விளக்கினார்.

டிபி களப்பணியாளர்:
குழந்தைக்கு டிபி என்றால் பெரியவர் யாரிடமிருந்தோதான் வந்திருக்கும். வீட்டில், பக்கத்து வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதியானால் வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்கணும், நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு. தனியாரில் பார்த்தாலும் அரசின் டிபி பதிவேடான நிக்‌ஷயில் பதியச் சொல்லுங்கள், மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். எடை கூடினால் மருந்தின் அளவும் மாறும், மாதாமாதம் எடை பாருங்கள். உதவி எண் 1800-11-6666.

தென்காசி அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமாவுக்கு மாசக்கணக்கில் இருமல் இருக்கிறது, பீடி இருமல் என்றே விட்டுவிட்டோம். நாளைக்குச் சளி கொடுக்க அழைத்துப் போகிறோம். பயாப்சிக்கும் அத்தை சம்மதித்துவிட்டார். அதுவரை இவளைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

குழந்தைகள் எலும்பு மருத்துவர், மதுரை:
மூட்டில் இருக்கும் டிபி மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றாது. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே பார்த்துவிட்டு அனுப்புங்கள், அதை நாளைக்கே எடுத்துவிடலாம். அந்தக் காலில் பாரம் போடாமல் இருப்பது நல்லது, காலை அசையாமல் வைக்கும் ஸ்பிளின்ட் வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாமாவின் சளி முடிவு வந்ததும் அதையும் அவரிடம் காட்டுங்கள்.