சிறு தீவு நாடுகளின் சுற்றுலா வருவாய்: வருகையையும் டாலரையும் எப்படி ஒப்பிடுவது?

பவளத்திட்டு (கேள்வி):

வணக்கம். மாலத்தீவு, மொரீஷியஸ், சீஷெல்ஸ், ஃபிஜி, பஹாமாஸ், கிரனடா ஆகிய ஆறு நாடுகளின் சுற்றுலா வருகையையும் வருவாயையும் 2010 முதல் 2024 வரை ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். வருவாயை வருகையால் வகுத்து, ஒரு பயணி வந்தால் நாட்டுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். நாலு இடத்தில் இடிக்கிறது.

1. உலக வங்கியின் வருவாய்த் தொடர் 2020ஓடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய எண்களை எங்கே எடுப்பது? எடுத்தால் பழையதோடு ஒட்டுமா?

2. 2019ல் பஹாமாஸுக்குத் தலைக்கு 600 டாலர்கூட வரவில்லை. மாலத்தீவுக்கு 1,800க்கு மேல் வருகிறது. கிரனடாவிலோ தலைக்கு வரும் தொகை நம்பவே முடியாத அளவுக்குப் பெரிது.

3. மொரீஷியஸுக்கு 2023ல் வந்தவர்கள் 2019ஐவிடக் குறைவு. வருவாய் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. இது விலையேற்றமா, பணக்காரப் பயணிகள் வந்ததாலா?

4. தீவுகளின் சுற்றுலாப் பணத்தில் 80 சதவீதம் வெளியே போய்விடுகிறது என்று பல கட்டுரைகளில் வருகிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் உண்மையான வருவாய் என்று போட வேண்டுமா?

கடல்கணக்கு:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை சரியாக வந்தாலும் இது தவறினால் அட்டவணை முழுவதும் தவறும்.

வகுக்கும் எண் நாட்டுக்கு நாடு வேறு. ஐ.நா.வின் 2008ஆம் ஆண்டுச் சுற்றுலாப் புள்ளியியல் பரிந்துரைகளின்படி, ஓர் இரவாவது தங்குபவர்தான் சுற்றுலாப் பயணி. காலையில் கப்பலில் இறங்கி மாலையில் ஏறிவிடுபவர் ஒருநாள் வருகையாளர். மாலத்தீவு தருவது தங்குபவர் எண்ணிக்கை, 2019ல் சுமார் 17 லட்சம். உலக வங்கியில் பஹாமாஸுக்கு இருப்பது எல்லா வருகையாளரும் சேர்ந்த எண், அதே ஆண்டில் சுமார் 72 லட்சம். அதில் இரவு தங்கியவர்கள் சுமார் 18 லட்சம் பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் சொகுசுக் கப்பல் பயணிகள். செலவின் பெரும்பகுதியோ விமானத்தில் வந்து தங்குபவர்களுடையது. 400 கோடி டாலரை 72 லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது எந்தப் பயணியின் செலவும் இல்லை.

எனவே கரீபியன் நாடுகளுக்கு மூன்று பத்திகள் வையுங்கள்: தங்குபவர், கப்பல் பயணி, பாய்மரப் படகில் வருபவர். தலைக்குச் செலவைத் தங்குபவருக்கு மட்டும் கணக்கிடுங்கள். பிரித்துப் பார்த்தால்தான் பஹாமாஸின் உண்மையான போக்கு தெரியும். 2024ல் மொத்த வருகை 1.12 கோடி, 2019ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். விமானப் பயணிகளோ சுமார் 17 லட்சம், ஏறத்தாழ 2019 அளவுதான். வளர்ச்சி அநேகமாக முழுக்கக் கப்பலில்தான். அதிலும் கோகோகே போலக் கப்பல் நிறுவனமே நடத்தும் தீவில் இறங்குபவர் சாப்பிடுவதும் குடிப்பதும் அந்த நிறுவனத்திடமே. நாட்டுக்கு வருவது பயணி வரி, துறைமுகக் கட்டணம், உள்ளூர் ஆட்களின் சம்பளம், கொஞ்சம் கைவினைப் பொருள் விற்பனை.

கிரனடாவின் புதிர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. செலுத்துநிலைக் கணக்கில் (ஒரு நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவு செலவுக் கணக்கு) 'பயணம்' என்ற தலைப்பின்கீழ், படிக்க வந்த வெளிநாட்டு மாணவரின் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேரும். ஓராண்டுக்கு மேல் தங்கினாலும் மாணவர் வெளிநாட்டவராகவே எண்ணப்படுவார். கிரனடாவில் பெரிய மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மாணவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். டொமினிக்காவுக்கும் இதே நிலைதான் இருந்தது. 2017ல் மரியா புயலுக்குப் பிறகு அங்கிருந்த மருத்துவக் கல்லூரி பார்படோஸுக்கு மாறியது. இது தெரியாமல் டொமினிக்காவின் வருவாய்த் தொடரைப் பார்ப்பவர் சரிவு முழுவதையும் புயல் மேல் போட்டுவிடுவார். கிழக்குக் கரீபியன் மத்திய வங்கியின் விரிவான அட்டவணைகளில் மாணவர் செலவைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி: உலக வங்கியில் வருவாய்க்கு இரண்டு தொடர்கள் உண்டு. ஒன்றில் நாட்டின் சொந்த விமான நிறுவனம் வெளிநாட்டவருக்கு விற்ற டிக்கெட் பணமும் சேரும், மற்றொன்றில் சேராது. ஃபிஜி, மொரீஷியஸ், சீஷெல்ஸ் மூன்றுக்கும் நீண்டதூரம் பறக்கும் அல்லது பறந்த தேசிய விமான நிறுவனங்கள் உண்டு. மாலத்தீவுப் பயணிகளை ஏற்றிவருபவை பெரும்பாலும் அயல்நாட்டு விமானங்கள். டிக்கெட் சேர்ந்த தொடரை எடுத்தால் மாலத்தீவை அநியாயமாகக் குறைத்துக் காட்டும். ஆறு நாடுகளுக்கும் டிக்கெட் சேராத தொடரையே எடுங்கள்.

மூன்றாவது கேள்விக்குக் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மொரீஷியஸ் 2019: வருவாய் சுமார் 6,310 கோடி ரூபாய் (மொரீஷியஸ் ரூபாய்), வருகை 13.83 லட்சம், தலைக்கு ரூ. 45,600. 2023: சுமார் 8,600 கோடி, 12.95 லட்சம், தலைக்கு ரூ. 66,400. ரூபாயில் 46 சதவீத ஏற்றம். ஆனால் 2019ல் ஒரு டாலருக்குச் சராசரியாக 35.5 ரூபாய், 2023ல் 45.3. டாலரில் பார்த்தால் 1,285லிருந்து 1,466, அதாவது 14 சதவீதம். அந்த நான்கு ஆண்டுகளில் அமெரிக்க நுகர்வோர் விலை சுமார் 19 சதவீதம் ஏறியது. அதையும் கழித்தால் 2019ஐவிட 4 சதவீதம் போலக் குறைவு. 46 சதவீத ஏற்றம் 4 சதவீத இறக்கமாகிவிட்டது. பணக்காரப் பயணி யாரும் புதிதாக வந்துவிடவில்லை, ரூபாய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மொரீஷியஸுக்கு வருபவர்களில் ஐரோப்பியர் அதிகம் என்பதால் யூரோவிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓர் அமெரிக்க டாலருக்குப் பஹாமாஸ் டாலர் ஒன்று, பார்படோஸ் டாலர் இரண்டு, கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் 2.70. இந்த நாடுகளில் மாற்றுவிகித மயக்கம் வராது. விலைவாசியை மட்டும் கழித்தால் போதும்.

துடுப்பு:

நான்காவது கேள்விக்கு நேரடிப் பதில்: கழிக்காதீர்கள். அந்த 80 சதவீதம் எந்த நாட்டில், எந்த ஆண்டில், எதன் மீது அளந்தது என்று பல கட்டுரைகளில் இருக்காது. மூன்று வேறு கசிவுகளை ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலாவது, பயணி தன் ஊரிலேயே கட்டும் பேக்கேஜ் பணத்தில் தீவுக்கு வராமலே நின்றுவிடும் பகுதி: பயண முகவரின் கமிஷன், அயல்நாட்டு விமானத்தின் டிக்கெட், காப்பீடு. இது செலுத்துநிலைக் கணக்கின் வருவாயில் ஏறவே இல்லை. ஏறாத பணத்தை மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு. மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

இரண்டாவது, வந்த பணத்தில் இறக்குமதிக்குப் போவது. மாலத்தீவில் விளைநிலம் மிகக் குறைவு. மீனைத் தவிர விருந்தினர் தட்டில் வரும் அநேகமாக எல்லாமே கப்பலிலோ விமானத்திலோ வருபவை. மின்சாரமும் கடல்நீரைக் குடிநீராக்குவதும் பெரும்பாலும் டீசலில் ஓடுகின்றன. ஃபிஜியில் காய்கறி, இறைச்சி, சர்க்கரை உள்ளூரிலேயே உண்டு. அதனால் ஒரே செலவுக்கு ஃபிஜியில் நாட்டுக்குள்ளேயே நிற்கும் பங்கு கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை அளக்க உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை (எந்தத் தொழில் எதனிடம் எவ்வளவு வாங்குகிறது என்பது) வேண்டும், இருந்தால் சுற்றுலாத் துணைக்கணக்கு (தேசியக் கணக்கில் சுற்றுலாவை மட்டும் பிரித்துக் காட்டுவது). இரண்டும் இல்லாத நாட்டுக்குச் சுங்கத் தரவில் உணவு, பானம், எரிபொருள் இறக்குமதியைப் பயணிகளின் தங்கல் இரவுகளோடு சேர்த்து வரைந்து பாருங்கள். 2020ல் பயணிகள் வராத மாதங்களில் இறக்குமதி எவ்வளவு விழுந்தது என்பதே நல்ல குறிப்பு. மாலத்தீவு எல்லை 2020 மார்ச் இறுதியிலிருந்து ஜூலை 15 வரை மூடியிருந்தது. அந்த மூன்றரை மாதத்தில் உள்ளூர் மக்கள் சாப்பிட்டது மட்டும்தான் கணக்கில் நிற்கும்.

மூன்றாவது, லாபம், நிர்வாகக் கட்டணம், வெளிநாட்டுப் பணியாளர் வீட்டுக்கு அனுப்பும் பணம். இவை செலுத்துநிலையில் வேறு வேறு தலைப்புகளில் இருக்கும்: லாபம் முதல்நிலை வருமானத்தில், சங்கிலி ஹோட்டலின் பெயர்க் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் சேவை இறக்குமதியில், தொழிலாளர் அனுப்புவது இரண்டாம்நிலை வருமானத்தில். மாலத்தீவில் தொழிலாளர் அனுப்பும் தொகை கனமானது, ஏனென்றால் ரிசார்ட்டுகளில் வெளிநாட்டு ஊழியர் ஏராளம். ஆனால் கட்டுமானத் தொழிலாளரும் அதே தலைப்பில் சேர்வார்கள். முழுத் தொகையையும் சுற்றுலாவின் தலையில் கட்ட வேண்டாம்.

மாலத்தீவுக்கு இன்னொரு கவனம். வருவாய் என்று எழுதப்படுவதும் உள்நாட்டு வங்கிக்கு டாலராக வந்து சேர்வதும் ஒன்றல்ல. ரிசார்ட்டின் கணக்கு வெளிநாட்டு வங்கியில் இருந்தால், டாலர் அங்கேயே இருந்து சப்ளையருக்கும் கடனுக்கும் போய்விடும். 17 லட்சம் பேர் வந்தாலும் கடைக்காரருக்கு டாலர் கிடைக்காமல், அதிகாரபூர்வ விகிதமான டாலருக்கு 15.42 ரூஃபியாவுக்கு (மாலத்தீவு நாணயம்) மேல் கறுப்புச் சந்தையில் வாங்க வேண்டிவருவது இதனால்தான். 2024 அக்டோபர் முதல் பெரிய விடுதிகள் ஒரு பயணிக்கு 500 டாலர் வீதம் உள்நாட்டு வங்கியில் மாற்ற வேண்டும் என்று மாலத்தீவின் மத்திய வங்கியான நாணய ஆணையம் விதி கொண்டுவந்ததன் பின்னணியும் இதுவே. உங்கள் அட்டவணையில் 'வருவாய்'க்கு அடுத்த பத்தியில் 'அந்நியச் செலாவணிக் கையிருப்பு' என்று ஒன்றும் போடுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறாத ஆண்டுகளில்தான் கதை இருக்கிறது.

நீரோட்டம்:

முதல் கேள்விக்கு. ஐ.நா. சுற்றுலா அமைப்பின் புள்ளியியல் பக்கத்தில் நாடுவாரி எக்செல் கோப்புகள் இலவசமாக இருக்கின்றன. உலக வங்கி எண்களுக்கும் மூலம் அதுவே, ஆகவே ஒட்டும். வருவாய்க்குப் பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் செலுத்துநிலைத் தரவில் 'பயணம், வரவு' என்ற தலைப்பை எடுக்கலாம். ஒட்டவைக்கும் முன் 2015 முதல் 2019 வரை இரண்டு மூலங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து ஆண்டும் ஒரே விகிதத்தில் வேறுபட்டால் அந்த விகிதத்தால் பெருக்கி இணைக்கலாம். விகிதம் ஆண்டுக்கு ஆண்டு தாவினால் இணைக்காமல் கோட்டை உடைத்தே காட்டுங்கள்.

மாத வருகை எண்களை மாலத்தீவு, சீஷெல்ஸ், ஃபிஜி மூன்றும் தவறாமல் வெளியிடுகின்றன. சீஷெல்ஸ் வாராவாரமே தருகிறது. பசிபிக்கின் மிகச் சிறிய நாடுகளில் தரவு தாமதமானால் கண்ணாடித் தரவு கைகொடுக்கும்: ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறையும் நியூசிலாந்துப் புள்ளியியல் துறையும், திரும்பிவரும் தங்கள் நாட்டுவாசிகள் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று மாதாமாதம் வெளியிடுகின்றன. ஃபிஜி, சமோவா, வனுவாட்டு மூன்றுக்கும் வருபவர்களில் பெரும்பகுதி அந்த இரு நாட்டினர்தான். ஒரு திருத்தம் மட்டும் தேவை: அது திரும்பிய மாதம், போன மாதமல்ல. சமோவா, டோங்கா எண்களில் உறவினரைப் பார்க்க வருபவர்கள் நிறைய. அவர்கள் ஹோட்டலில் தங்குவதில்லை, ஆகவே ஹோட்டல் அறை நிரம்பலை வைத்து வருகையை மதிப்பிட முயன்றால் தவறும்.

2010–2024க்கு ஒரே சராசரி வளர்ச்சி விகிதம் போடாதீர்கள். 2019 வரை ஒன்று, பிறகு ஒவ்வொரு மாதத்தையும் 2019ன் அதே மாதத்தோடு ஒப்பிட்டு ஒரு குறியீடு. சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே நகர்வதால் அந்த இரண்டு மாதங்களையும் கூட்டியே ஒப்பிடுங்கள். ஈஸ்டருக்காக மார்ச்சையும் ஏப்ரலையும் அப்படியே.

வருகையோடு தங்கும் நாட்களையும் வையுங்கள். மாலத்தீவில் 2019ல் சராசரி 6 நாளுக்குச் சற்று மேல், 2021ல் 8 நாளுக்கும் மேல். வருகை 17 லட்சத்திலிருந்து 13 லட்சமாகக் குறைந்தும் தங்கல் இரவுகள் அந்த அளவுக்கு விழவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன்: எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்பது. ஒவ்வொரு நாட்டின் பங்கையும் இருமடி செய்து கூட்டினால் செறிவுக் குறியீடு கிடைக்கும், ஓரிரு நாடுகளையே நம்பியிருந்தால் அது பெரிதாகும். பசிபிக் தீவு நாடான பலாவ் 2015ல் சுமார் 1.6 லட்சம் பேரைப் பார்த்தது, பாதிக்கு மேல் சீனர்கள். 2017 இறுதியில் சீனா பேக்கேஜ் விற்பனையை நிறுத்தச் சொன்னதும் எண்ணிக்கை சரிந்து, 2019ல் ஒரு லட்சத்துக்கும் கீழே நின்றது. மாலத்தீவில் இந்தியர் 2023ல் 2.09 லட்சம், அரசியல் உரசலுக்குப் பிறகு 2024ல் சுமார் 1.31 லட்சம். ஆனால் மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டியது, சீனர்களும் ஐரோப்பியரும் அந்த இடத்தை நிரப்பினார்கள். இரண்டு நாடுகளுக்கும் வித்தியாசம் அந்தக் குறியீட்டில்தான் இருக்கிறது. விமான இருக்கைகளையும் இதே போலப் பாருங்கள். வனுவாட்டுவில் 2024 மே மாதம் தேசிய விமான நிறுவனம் கலைப்பு நடைமுறைக்குள் போனபோது, தங்க வர விரும்பியவருக்கே வழி குறைந்தது.

பவளத்திட்டு:

தங்குபவர், கப்பல் பயணி பிரிவு அட்டவணையில் ஏறிவிட்டது. நன்றி. மாலத்தீவுக்கு அரசு சொல்லும் வருவாயைச் சரிபார்க்க, வரித் தரவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட முடியுமா? சுற்றுலா ஜிஎஸ்டி வசூலை விகிதத்தால் வகுத்தால் விற்றுமுதல் வர வேண்டுமே. போட்டுப் பார்த்ததில் 2023 ஜனவரியில் விற்றுமுதல் திடீரென்று கால் பங்கு விழுகிறது.

நீரோட்டம்:

விழவில்லை, மாதம் மாறியிருக்கிறது. ஒரு மாத விற்பனைக்கான வரியை அடுத்த மாதம் 28ஆம் தேதிக்குள் கட்டுகிறார்கள். 2023 ஜனவரியில் வசூலானது டிசம்பர் விற்பனையின் வரி, அது 12 சதவீதம். நீங்கள் ஜனவரியில் அமலான 16ஆல் வகுத்திருப்பீர்கள். 12ஐ 16ஆல் வகுத்தால் 0.75, அந்தக் கால் பங்கு இதுதான். வசூலை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டு வகுங்கள்: 2014 நவம்பர் முதல் 2022 டிசம்பர் வரையிலான விற்பனைக்கு 12, 2023 ஜனவரி முதல் 2025 ஜூன் வரை 16, 2025 ஜூலை முதல் 17.

தங்கல் இரவுகளைச் சரிபார்க்கப் பசுமை வரி உதவும், அது ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படுவது. 2024 முடியும் வரை ரிசார்ட்டுகளில் 6 டாலர், கெஸ்ட்ஹவுஸ்களில் 3. 2025 ஜனவரி முதல் 12, சிறிய கெஸ்ட்ஹவுஸ்களுக்கு 6. மொத்த வசூலை 6ஆல் மட்டும் வகுத்தால் கெஸ்ட்ஹவுஸ் இரவுகள் பாதியாகக் குறையும். ஆகவே முதலில் சுற்றுலா அமைச்சகத்தின் மாத அறிக்கையிலிருந்து ரிசார்ட், கெஸ்ட்ஹவுஸ் இரவுகளின் பங்கை எடுத்து, அந்தப் பங்கில் சராசரி வரியைக் கணக்கிட்டு, அதனால் வகுங்கள். 80க்கு 20 என்றால் சராசரி 5.40 டாலர்.