ஜேக் சல்லி இல்லாத பாண்டோரா: அவதார் படத்தை நம்பி தீம் பார்க்கில் ஒரு பகுதியே கட்டலாமா?

மழைக்காடன்:
பக்கத்து இழையில் பழையரீல் ஐயா போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார்: "அவதார் யார் மனதிலும் நிற்காத படம், அதை நம்பி டிஸ்னி ஒரு பகுதியையே கட்டியது வீண் வேலை." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை, அதனால்தான் தனி இழை. படம் மனதில் நிற்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்தப் படத்தில் நாம் போய் நிற்க ஆசைப்படுகிற இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2011இல் படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனோடு டிஸ்னி ஒப்பந்தம் என்று அறிவிப்பு வந்தபோதும் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் 2017 மே மாதம் அந்தப் பகுதி, படத்தில் வரும் உலகத்தின் பெயரான பாண்டோரா என்றே, திறந்தது. தொழில்துறை மதிப்பீட்டில் 2016இல் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் வந்த பூங்காவுக்கு 2018இல் சுமார் 1 கோடியே 37 லட்சம் பேர் வந்தார்கள். வீண் வேலைக்கு இவ்வளவு பேர் டிக்கெட் எடுப்பார்களா?

பழையரீல்:
தம்பி, கூட்டம் வந்தது, நான் மறுக்கவில்லை. புதிதாக எதைத் திறந்தாலும் கூட்டம் வரும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பகுதிக்குள் ஜேக் சல்லி எங்கே? நெய்திரி எங்கே? படத்தின் கதை முடிந்து பல காலம் ஆன பிறகு நடப்பதாக வைத்து, யாரோ ஒரு சுற்றுலா நிறுவனம் நம்மைக் கூட்டிக்கொண்டு போவதாகக் கட்டியிருக்கிறார்கள். ஏன் அப்படி? கதாநாயகனைக் கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று அவர்களுக்கே தெரியும். படத்தை அடித்தளம் என்கிறீர்கள், படத்தின் நாயகனையே வெளியே நிறுத்திவிட்டு.

செம்பருத்தி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வாட்டர்வேர்ல்ட் படம் 1995இல் வந்தது, கொட்டிய பணத்துக்கு வசூல் இல்லை என்று உலகமே சிரித்தது. அதே ஆண்டு ஹாலிவுட் யுனிவர்சலில் அதன் சண்டைக் காட்சியை மேடையேற்றினார்கள், அது படத்தைவிட நீண்ட நாள் வாழ்கிறது. ஜப்பானுக்குப் போனது, இங்கே செந்தோசாவுக்கும் வந்தது. விமானம் மதிலைத் தாண்டிப் பாய்ந்து தண்ணீரில் இறங்கும்போது முன்வரிசைக் குழந்தைகள் போடுகிற கூச்சலைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் யார் படத்தைப் பார்த்திருக்கப் போகிறார்கள்? படம் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை என்பது என் கட்சி.

கணக்கன்:
முதலில் "நல்ல அடித்தளம்" என்றால் என்ன என்று முடிவு செய்துகொள்ளலாமே? வருமானமா, கூட்டமா, திரும்பத் திரும்ப வருவதா, இல்லை படத்தின் உணர்வு கிடைப்பதா? இதைச் சொல்லாமல் எவ்வளவு பேசினாலும் நகராது.

பழையரீல்:
செம்பருத்தி அக்கா, அது ஒரு காட்சி அரங்கம். நாம் பேசுவது பல ஏக்கரில் ஒரு படத்துக்கென்றே கட்டிய பகுதி. அந்த அரங்கத்தில்கூட நாயகன் வருகிறான், வில்லன் வருகிறான். பாண்டோராவில் ஜேக் எங்கே?

மழைக்காடன்:
ஜேக் எங்கே, ஜேக் எங்கே! ஐயா, ஹாக்ஸ்மீட் தெருவில் ஹாரி பாட்டர் நடந்து வருகிறானா? 2010 ஜூனில் ஆர்லாண்டோ யுனிவர்சலில் அந்தப் பகுதி திறந்ததும் அந்தப் பூங்காவின் கூட்டம் 2009இல் சுமார் 46 லட்சம் என்று இருந்தது 2011இல் சுமார் 76 லட்சம் ஆனது. ஜனங்கள் அங்கே எதற்குப் போனார்கள்? பனி மூடிய கூரை, கோணல் புகைபோக்கி, கையில் பட்டர்பியர், மந்திரக்கோல் கடைக்குள் முண்டியடித்து நிற்பது. தாங்களே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி நினைத்துக்கொள்ளத்தான் போனார்கள். ஹாரி பக்கத்தில் நின்றால் அது அவன் கதை ஆகிவிடும். கேமரூன் படத்திலும் ஜனங்கள் திரும்பத் திரும்பத் தியேட்டருக்குப் போனது அந்தக் காட்டுக்காக. 2009 டிசம்பரில் வந்த படம், உலக வசூலில் இன்றும் முதலிடம். அது ஜேக்குக்காக வந்த வசூல் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், பிறகு அவனை ஏன் தேடுகிறீர்கள்?

பழையரீல்:
பாதியை மறைக்காதீர்கள். தெருவில் இல்லையே தவிர, கோட்டைக்குள் இருக்கிற ரைடில் ஹாரி துடைப்பத்தில் நம் கூடவே பறக்கிறான். பாண்டோராவின் பறக்கும் ரைடான ஃப்ளைட் ஆஃப் பாஸேஜில் ஜேக் பறக்கிறானா? இல்லை. கேள்வி அப்படியே நிற்கிறது.

மழைக்காடன்:
ஃப்ளைட் ஆஃப் பாஸேஜில் ஏறியிருக்கிறீர்களா ஐயா? ஏறிய யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பைக்கில் உட்காருவது போல முன்னால் குனிந்து உட்கார வேண்டும், முதுகுக்கும் கெண்டைக்காலுக்கும் பின்னால் பட்டை வந்து அணைத்துக்கொள்ளும். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றில் பாய்ந்து, அலைக்குள் புகுந்து, ஈர மண் வாசனையும் கடல் வாசனையும் மாறி மாறி முகத்தில் அடித்து, நடுவில் ஒரு குகையில் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது இரண்டு தொடைக்கும் நடுவே இருக்கை மெல்லப் புடைத்து அடங்கும். நாம் ஏறியிருக்கிற பிராணி மூச்சு விடுகிறது! பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். படத்தில் ஜேக்குக்குக் கிடைத்தது அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்தது. ஜேக் எங்கே என்றால், அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவன்தான் ஜேக்.

தேர்வடம்:
நானும் ஏறினேன். ரைடு அற்புதம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே பகுதியில் இருக்கிற படகுச் சவாரியை ஏன் யாரும் பேசுவதில்லை? நாவி ரிவர் ஜர்னி. மணிக்கணக்கில் நின்று உள்ளே போனால் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, கதை என்று ஒன்றுமே இல்லை. கடைசியில் அந்தப் பாட்டுக்காரப் பூசாரி உருவம் மட்டும் கையை அசைத்துப் பாடுவது உயிருள்ளது மாதிரி இருக்கிறது. அந்த ஒரு உருவத்துக்காக அவ்வளவு நேரம் நிற்க முடியாது. இடம் இருந்தால் போதும் என்கிற மழைக்காடன் இதற்கு என்ன சொல்வார்?

பழையரீல்:
கேளுங்கள் தேர்வடம், கேளுங்கள். கதை இல்லை, ஆள் இல்லை. ஜேக் இருந்திருந்தால் அந்தப் படகில் ஏதாவது நடந்திருக்கும்.

மழைக்காடன்:
படகு குட்டையானது என்பது கட்டியவர்களின் குறை, படத்தின் குறை இல்லை. கதாபாத்திரம் நிறைய இருந்தால் போதும் என்றால் டாய் ஸ்டோரி பகுதியைப் பாருங்கள். ஹாலிவுட் ஸ்டூடியோஸில் 2018 ஜூனில் திறந்தது. படத்தைப் பிடிக்காதவர் இந்த உலகத்தில் உண்டா? வுட்டியைத் தெரியாத குழந்தை உண்டா? அந்தப் படத்தில் இடம் என்று இருப்பது ஒரு பையனின் அறையும் வீட்டுக் கொல்லைப்புறமும்தான். அதைக் கட்டியபோது என்ன வந்தது? பிரம்மாண்டமான பொம்மைகளும் வேலியும், ஃப்ளோரிடா வெயிலில் ஒதுங்க நிழலில்லாத நடைபாதையும். படம் அவதாரைவிடப் பத்து மடங்கு மேல், பகுதி பாண்டோராவில் பாதி தேறாது. இதுதான் நான் சொல்ல வருவது: மனதைத் தொடும் படம் வேறு, கால் வைக்க இடம் தரும் படம் வேறு.

செம்பருத்தி:
டாய் ஸ்டோரி பகுதியைக் குறை சொல்லாதீர்கள், என் பிள்ளைகளுக்கு ஸ்லிங்கி நாய் ரைடு பாண்டோராவைவிடப் பிடித்தது. சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் காட்டில் என்ன இருக்கிறது? பகலில் போனால் பச்சைப் பசேலென்று ஒரு பாறைத் தோட்டம்.

மழைக்காடன்:
அக்கா, இருட்டிய பிறகு போயிருக்கிறீர்களா? நடைபாதையே காலடியில் நீலமும் பச்சையுமாக ஒளிரும். அந்த மிதக்கும் மலையைத் தாங்குகிற இரும்பை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேடினால் கொடிதான் கண்ணில் படும், கொடிக்குள்ளே எஃகு. ஜோ ரோடியின் குழு அது, அனிமல் கிங்டமையே வடிவமைத்தவர். காடு, உயிரினம், அதை அழிக்க வருகிறவர்கள் என்று படம் சொன்னதும் அந்தப் பூங்கா ஆரம்பத்திலிருந்து சொல்லிவந்ததும் ஒன்றுதான். அதனால்தான் அங்கே பொருந்தியது. வேறு பூங்காவில் வைத்திருந்தால் இவ்வளவு எடுபட்டிருக்காது.

பழையரீல்:
ஆள் வேண்டாம், இடம் போதும் என்ற உங்கள் சித்தாந்தத்தை டிஸ்னி இன்னொரு இடத்திலும் சோதித்தது. ஸ்டார் வார்ஸ், கேலக்ஸிஸ் எட்ஜ், 2019. படத்தில் யாரும் பார்த்திராத பட்டூ (Batuu) என்ற கற்பனைக் கிரகத்து ஊரைக் கட்டினார்கள். திறந்தபோது லூக் இல்லை, டார்த் வேடர் இல்லை. கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் அந்த ஆண்டுக் கூட்டம் 2018இல் இருந்த அதே சுமார் 1 கோடியே 86 லட்சம்தான் என்று அதே மதிப்பீடு சொல்கிறது, ஏறவே இல்லை. பிறகு 2022இல் மண்டலோரியனையும் குட்டி குரோகுவையும் அங்கே இறக்கிவிட்டதும் ஜனங்கள் எப்படி மொய்த்தார்கள் என்று தெரியுமா? எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள்தான், இந்த எண்ணுக்கும் பதில் சொல்லுங்கள் தம்பி.

மழைக்காடன்:
முதலில், என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள், என் வயது உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது, ஸ்டார் வார்ஸ் படங்களில் பார்த்த டாட்டூயின், எண்டோர் என்ற உலகங்கள் தயாராக இருக்க, ஒருவர் கனவிலும் வராத ஊரைப் புதிதாகக் கட்டினார்கள். ஆளை எடுத்தது பிரச்சினை இல்லை, நாம் ஏங்கிய இடத்தைத் தராததுதான் பிரச்சினை. மூன்றாவது, திறந்தபோது முதல் சில வாரங்கள் முன்பதிவு இருந்தால்தான் உள்ளே விட்டார்கள், கூட்டத்துக்குப் பயந்தே பலர் வரவில்லை, பெரிய ரைடு கலிபோர்னியாவில் 2020 ஜனவரியில்தான் திறந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு எண்ணை மட்டும் வீசுகிறீர்கள். ஸ்பிளாஷ் மவுண்டன் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

பழையரீல்:
ஸ்பிளாஷ் மவுண்டன் இழையில் நான் சொன்னதில் என்ன தவறு? இப்போது எதற்கு அதை இழுக்கிறீர்கள்?

மழைக்காடன்:
இழுக்கத்தான் வேண்டும். 1946இல் வந்து, அமெரிக்காவில் வீடியோவாகக்கூட டிஸ்னி வெளியிடாமல் பூட்டி வைத்த 'சாங் ஆஃப் த சவுத்' படத்திலிருந்து 1989இல் கட்டிய ரைடு அது. "படத்தைப் பார்க்காத தலைமுறைக்கும் அது உயிர், அதை மூடாதே" என்று பக்கம் பக்கமாக அழுதவர் நீங்கள். அப்போது படம் யாருக்கும் தெரியாதது உங்களுக்குக் குறையாகப் படவில்லை. அவதார் என்றதும் மட்டும் குறையாகிவிட்டதா?

பழையரீல்:
அந்த ரைடில் முயல் இருந்தது. நரி இருந்தது, கரடி இருந்தது. முயலுக்காக நாம் பயந்தோம், கடைசியில் முயலோடு சேர்ந்து விழுந்தோம். ஆள் இருந்தது! உங்கள் பாண்டோராவில் ஜேக் எங்கே? இன்னும் நீங்கள் சொல்லவில்லை. அந்த முயலையும் எடுத்துவிட்டு 'பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்' பட நாயகி டியானாவை வைத்தார்கள், அதைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும்.

தேர்வடம்:
டியானா ரைடில் உருவங்கள் ஸ்பிளாஷ் மவுண்டனைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கின்றன. வில்லன் இல்லை என்பது மட்டும்தான் எனக்குக் குறை.

பழையரீல்:
வில்லன் இல்லாமல் அவ்வளவு உயரத்திலிருந்து எதற்கு விழ வேண்டும்? விருந்துக்குப் போகிறவர்கள் படியில் இறங்கிப் போகலாம்.

கணக்கன்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கார்ஸ் படத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. 2012இல் கார்ஸ் லேண்ட் திறந்துதான் கலிபோர்னியா அட்வென்ச்சர் தலை நிமிர்ந்தது. இரண்டு பேர் சொல்வதும் அங்கே பொருந்துகிறதே?

மழைக்காடன்:
பொருந்தவில்லை. கார்ஸ் பிக்ஸாரின் சிறந்த படம் என்று யாரும் சொல்வதில்லை, இரண்டாம் பாகத்தை விமர்சகர்கள் கிழித்தார்கள். ஆனால் படத்தில் ஒரு தெரு இருந்தது. பின்னால் சிவந்த பாறை மலை, பொழுது சாயும்போது கடைக்குக் கடை நியான் விளக்கு எரியத் தொடங்குவது, இதை அப்படியே எழுப்பினார்கள். அந்த விளக்கு எரிகிற நேரத்துக்காகவே சாயங்காலம் வந்து நிற்கிறவர்கள் உண்டு. தெருதான் ஜெயித்தது.

பழையரீல்:
மெக்வீனும் மேட்டரும் தெருவில் உருண்டு வந்து ஜனங்களோடு படம் எடுத்துக்கொள்கிறார்களே, அது கண்ணில் படவில்லையா? நானும் இதைத்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

செம்பருத்தி:
படமே இல்லாமல் கட்டியவை எல்லாம் என்ன பாவம் செய்தன? அதே அனிமல் கிங்டமில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், 2006இல் திறந்தது. எந்தப் படமும் இல்லை. ஒரு மலை, ஒரு எட்டி, அதாவது இமயமலைப் பனிமனிதன். எனக்கு அந்தப் பூங்காவில் அதுதான் முதலிடம்.

தேர்வடம்:
எந்த எட்டி? திறந்து கொஞ்ச நாளிலேயே கை அசைவது நின்றுபோய், மின்னல் விளக்கைப் போட்டு அசைவது போலக் காட்டி வருஷக்கணக்காக ஓட்டினார்களே, அந்த எட்டியா? அதுவும் ஜோ ரோடி காலத்து வேலைதான். மழைக்காடன் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடுவதற்கு முன் இதையும் யோசிக்கட்டும்.

மழைக்காடன்:
எட்டி பழுதானது இயந்திரக் கோளாறு. அந்த மலையடிவாரத்தில் பிரார்த்தனைக் கொடிகளுக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவே க்யூவில் நின்று பார்த்தவர் ரோடியைக் குறை சொல்ல மாட்டார். படம் இல்லாமலே இடம் ஜெயிக்கிறது என்றால் அது என் பக்கச் சாட்சிதான்.

பழையரீல்:
எதைச் சொன்னாலும் உங்கள் பக்கச் சாட்சி! அப்படியானால் படமே எதற்கு? அதே பூங்காவின் டைனோலேண்ட் பகுதியை இடித்துவிட்டு 2027இல் என்கான்டோவையும் இந்தியானா ஜோன்ஸையும் கொண்டுவருகிறார்களே, அதுவும் இடத்துக்காகத்தான் என்பீர்களா? என்கான்டோ படத்தில் நாயகி மிரபெலை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

மழைக்காடன்:
வீடு மிச்சம். கதவுக்குக் கதவு தனி உலகம், ஓடு அசைந்து வழிகாட்டுகிற வீடு. அந்தப் படத்தில் எனக்கு முதலில் பிடித்ததே வீடுதான்.

பழையரீல்:
மிரபெல் இல்லாமல் அந்த வீட்டைக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதன் பிறகு பேசுகிறேன்.

தேர்வடம்:
டைனோசர் ரைடை மூடியதைப் பற்றி யாருக்குமே வருத்தம் இல்லையா? 1998இல் வேறு பெயரில் திறந்து, 2000இல் அதே பெயரில் படம் வந்ததும் பெயரை மாற்றிக்கொண்ட ரைடு. அதற்குத் தனி இழை திறக்கிறேன். பழையரீல் ஐயா, நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை.

பழையரீல்:
வருவேன்.