சிறுபோகத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும்: பாடசாலை, பல்கலைக்கழகம், விவசாய அமைப்பு சேர்ந்து செய்யும் சோதனையை எப்படி அமைப்பது?

சம்மாந்துறை_வயல்:

வரும் சிறுபோகத்தில் ஒரே வயல் வாய்க்காலில் 6 விவசாயிகள் ஆளுக்கு அரை ஏக்கர் தரச் சம்மதித்திருக்கிறார்கள். பாதியில் வழக்கம்போலத் தண்ணீர் கட்டி வைப்பது, மற்றப் பாதியில் காயவிட்டுப் பாய்ச்சுவது. அளவெடுக்க உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் படிக்கும் 12 மாணவர்கள், கணக்குப் பார்க்கப் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர் இரண்டு பேர். எல்லாம் சேற்று விதைப்பு, இனம் பிஜி 300.

அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் முடிவை வைத்துப் பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். "படம் எடுத்துப் போட்டார்கள், போனார்கள்" என்று ஆகிவிடக் கூடாது. பைப்பை எப்படி இறக்குவது, எப்போது காயவிடத் தொடங்குவது, தண்ணீரை எப்படி அளப்பது? செலவு செய்யக்கூடியது கொஞ்சம் பீவீசி பைப்பும் ஒரு மழைமானியும் மட்டும்.

நீர்மட்டம்:

4 அங்குல பைப் போதும். 30 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். கீழ்ப்பாதி 15 சென்ரிமீற்றருக்கு மட்டும் சுற்றிவர 5 மில்லிமீற்றர் துளைகள், துளைக்குத் துளை 2 சென்ரிமீற்றர். மேல்பாதியில் துளை வேண்டாம். பாதியை மண்ணுக்குள் இறக்கி, பாதியை வெளியே விடுங்கள். இறக்கிய பிறகு உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் முழுக்க அள்ளி எடுக்க வேண்டும், அடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பைப்புக்குள் தெரிவது நீர்மட்டம் அல்ல, சேறு. இன்னொன்று: உழவுக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று இருக்கும், அதைக் குத்தி உடைத்துவிடாதீர்கள். உடைத்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஓட்டையால் போவதுபோல இறங்கும், வாசிப்பு எல்லாம் பிழையாகும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வயலில் தண்ணீர் நிற்கும்போது பைப்புக்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றா என்று பாருங்கள். சில மணி நேரம் கழித்தும் வித்தியாசம் இருந்தால் துளை அடைத்துவிட்டது. பிடுங்கிக் கழுவித் திரும்ப வையுங்கள்.

இடம் தெரிவு செய்வதில்தான் கூடப் பேர் பிழை விடுகிறார்கள். வரம்பில் நின்று எட்டிப் பார்க்க வசதி என்று வக்கடைப் (வரம்பில் தண்ணீர் விடும் வாய்) பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள். அங்கே எப்போதும் ஈரம் இருக்கும். வரம்பிலிருந்து ஒரு மீற்றருக்கு மேலே உள்ளே, வயலின் சராசரி மட்டத்தில் வையுங்கள். பாதிக்கு 2 பைப் வீதம் 24 வேண்டும்.

நேர அட்டவணை: விதைத்த முதல் 3 கிழமைக்கு இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி. அந்தக் காலத்தில் களையை அடக்குவது தண்ணீர்தான். அவசரப்பட்டு 10ஆம் நாளே காயவிட்டால் நெற்சப்பியும் கோரையும் ஏறி, களைநாசினிச் செலவு தண்ணீர் இலாபத்தை விழுங்கிவிடும். 21ஆம் நாளுக்குப் பிறகு, பைப்புக்குள் மட்டம் மண் மேற்பரப்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே போனதும் பாய்ச்சுங்கள், மேலே 5 சென்ரிமீற்றர் நிற்கும்வரை. பிஜி 300 ஏறத்தாழ 3 மாத இனம், அறுவடைக்கு 30 நாள் முன்னால் பூக்கும். பூப்பதற்கு ஒரு கிழமை முன்னிருந்து பூத்து ஒரு கிழமை பின்வரை 5 சென்ரிமீற்றர் கட்டாயம் நிற்க வேண்டும். அதில் மட்டும் விளையாட வேண்டாம், பூக்கும் நேரம் வறட்சி பட்டால் பதர்தான். அறுவடைக்கு 10 தொடக்கம் 14 நாள் முன்னே இரண்டு பாதியையும் வடியுங்கள், இல்லாவிட்டால் வெட்டும் மெசின் புதையும்.

யூரியா மேற்கட்டுப் பசளையை, மண் ஈரமாக ஆனால் தண்ணீர் நிற்காமல் இருக்கும்போது போட்டு, உடனே பாய்ச்சுங்கள். தண்ணீரோடு உள்ளே இறங்கும். போட்டுவிட்டு நாலு நாள் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போகும், பிறகு "காயவிட்டதால் பயிர் மஞ்சளித்தது" என்று பழி முறைமேல் விழும்.

கீழ்வட்டை:

பைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சம்மாந்துறையில் பிரச்சினை பைப் இல்லை, முறைத்தண்ணீர் (நாள் முறை வைத்து வாய்க்காலில் விடும் தண்ணீர்). பைப் இன்றைக்கு 15 காட்டும், வாய்க்காலில் உங்கள் முறை இன்னும் 5 நாள் கழித்து. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது அந்த 5 நாளில் மட்டம் பைப்பின் அடியைத் தாண்டிப் போயிருக்கும், மண் வெடிக்கும். அதற்குப் பிறகு பாய்ச்சினால் தண்ணீர் வெடிப்பால் இறங்கி வயல் நிரம்பாது. சேமிப்பும் இல்லை, விளைச்சலும் இல்லை.

ஆகவே முதலில் இருக்க வேண்டிய ஆள் வட்டைவிதானை (வட்டையில் தண்ணீர் பங்கிடுவதற்குப் பொறுப்பானவர்). விதைப்புக்கு முன்னே அவரோடும் நீர்ப்பாசன உத்தியோகத்தரோடும் கமநல சேவை நிலையத்திலே இருந்து பேசி, அந்த வயல் வாய்க்காலின் முறையை எத்தனை நாளுக்கு ஒருக்கால் வைக்கலாம் என்று முடிவெடுங்கள். வாய்க்கால் கடைசி வயலின் பைப்பைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும், தலைவயலை அல்ல. கடைசி வயல் 15ஐத் தொடும் நாளுக்கு முறை வந்தால் மற்ற எல்லோருக்கும் சரியாகும். மாணவர் ஒருவர் அந்தப் பைப்பை வாசித்து விதானைக்குத் தினமும் சொல்லட்டும். சோதனையின் பாதிப் பயன் அந்த ஒரு தகவலில் இருக்கிறது.

நம் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரைக்கு இது புதிதும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்து, வயல் வாய்க்கால் மட்டத்தில் சிறு குழுக்கள் அமைத்தன. வாய்க்காலை அவர்களே துப்புரவாக்கி, முறை வைத்து, மேலே மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். ஆராய்ச்சியாளர் வந்து தகவல் எடுத்துக்கொண்டு போனது மட்டுமல்ல, விவசாயி முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார். உங்கள் 6 பேரும் அதே மாதிரி அட்டவணையைத் தாங்களே வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிரதி போதும்.

சொல்லியாக வேண்டிய இன்னொன்று: மேல்வயலில் மிச்சம் பிடித்தது எல்லாம் "சேமிப்பு" என்று கூட்டத்தில் சொல்லாதீர்கள். நம் பக்கம் மேலே வடிந்த தண்ணீரைத்தான் கீழே திரும்பக் கட்டி எடுக்கிறோம். மேலே கசிவு குறைந்தால் கீழே வடிச்சல் வாய்க்காலும் குறையும். கீழ்வயல்காரன் இதைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்பான், பதில் கையில் வேண்டும். வடிச்சல் வாய்க்காலில் ஒரு அளவுகோல் நட்டுக் கிழமைக்கு இருமுறை வாசித்தாலே பதில் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:

சோதனை அமைப்பைப் பற்றி. எந்தப் பாதியில் காயவிடுவது என்பதை விவசாயியோ மாணவரோ தெரிவு செய்யக் கூடாது. நாணயம் சுண்டுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் நன்றாக வரும் பாதி எல்லாம் ஒரு பக்கம் போய்விடும். 6 வயல் என்றால் 6 சோடி. ஒவ்வொரு வயலிலும் இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து அந்த 6 வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாவற்றின் சராசரியை மட்டும் போட்டால் நல்ல மண் ஒருவரின் விளைச்சல் மற்றவர்களின் உண்மையை மறைக்கும்.

நடு வரம்புதான் எதிரி. புதிதாகப் போட்ட வரம்பில் நண்டு வளை ஒன்று இருந்தால் போதும், தண்ணீர் கட்டிய பாதி காயும் பாதிக்கு இரவோடு இரவாகத் தண்ணீர் கொடுத்துவிடும். அடியில் ஒன்றரை அடி அகலமாக மிதித்து இறுக்கி, தடித்த பொலித்தீனை நிலைக்குத்தாக 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்குங்கள். மட்டமும் முக்கியம். முதல் தண்ணீர் கட்டியதும் பாதிக்கு 9 இடத்தில் குச்சியால் ஆழம் அளந்து எழுதுங்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விதைக்க முன் மட்டப்படுத்துங்கள், இல்லாவிட்டால் மேட்டில் களை, பள்ளத்தில் தண்ணீர். பைப் இரண்டையும் காட்டாது.

விளைச்சலுக்கு மெசின் வர முன் ஒவ்வொரு பாதியிலும் 3 இடத்தில் 2 மீற்றருக்கு இரண்டரை மீற்றர் சட்டம் வைத்து வெட்டுங்கள், வரம்போரம் தவிர்த்து. மூடைக் கணக்கை நம்ப வேண்டாம், மூடை ஆளுக்கு ஆள் வேறு நிறை. தூற்றிச் சுத்தமாக்கி நிறுத்து, ஈரமானியில் வாசித்து, 14 வீத ஈரத்துக்கு மாற்றுங்கள்: நிறையை 100இலிருந்து ஈரவீதம் கழித்து வந்ததால் பெருக்கி 86ஆல் பிரிக்க வேண்டும். 5 சதுர மீற்றரில் 2.6 கிலோ, ஈரம் 22 வீதம் என்றால் 2.36 கிலோ. ஹெக்டயருக்கு சுமார் 4,700 கிலோ, ஏக்கருக்கு சுமார் 1,900. ஈரம் திருத்தாமல் விட்டால் அதே வயல் ஏக்கருக்கு 2,100 காட்டும். வித்தியாசம் தேடும் சோதனையில் 200 கிலோ இப்படிக் காணாமல் போகக் கூடாது.

நிந்தவூர்ப்_பக்கம்:

கடலோரமாக யாராவது இதைப் பார்த்துச் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை. மணல் மண்ணில் 15 சென்ரிமீற்றர் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது. உவர் ஏறும் நிலத்தில் காயவிடவே வேண்டாம், மண் காயும்போது உப்பு மேலே ஏறும். நெல்லுக்கு மண்ணின் மின்கடத்துதிறன் (மண்ணில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) மீற்றருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். விதைப்புக்கு முன்னே மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள்.

சம்மாந்துறை_வயல்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் நிலம் களி, உவர் இல்லை. தண்ணீர் அளப்பது இன்னும் விளங்கவில்லை. வீ வடிவத் தகடு (வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்து ஓட்டத்தை அளப்பது) வைக்கலாம் என்று பல்கலைக்கழகத் தம்பி ஒருவர் சொல்கிறார். வயலில் குச்சி வைத்து அளந்தால் போதாதா? பிறகு, தண்ணீர் நிற்கும் வயலிலிருந்து வெளிவரும் மெதேன் வாயு குறைகிறது என்பதையும் காட்டலாமா?

நீர்மட்டம்:

குச்சி சுகம். கால் ஏக்கர் 1,012 சதுர மீற்றர், அதில் 1 மில்லிமீற்றர் ஏறினால் ஏறத்தாழ 1,000 லீற்றர். 5 சென்ரிமீற்றர் ஏற்றினால் 50,000. ஆனால் குச்சி மண்ணுக்கு மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அறியும். காய்ந்த பாதியில் முதல் தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள்ளும் வெடிப்புக்குள்ளும் போகும், அது கணக்கில் வராது. அதனால் காய்ந்த பாதி உண்மையை விடக் குறைவாகக் குடித்ததாகத் தெரியும். உங்கள் முடிவுக்குச் சாதகமான பிழை என்பதால்தான் அது ஆபத்து.

90 பாகை வீ தகடு நல்லது. ஓட்டம், ஒரு செக்கனுக்குக் கன மீற்றரில், 1.38 பெருக்கல் ஆழத்தின் இரண்டரையாம் அடுக்கு, ஆழம் வீயின் அடியிலிருந்து மீற்றரில். 10 சென்ரிமீற்றர் நின்றால் செக்கனுக்கு 4.4 லீற்றர், 15 நின்றால் 12 லீற்றர். 10 சென்ரிமீற்றரில் கால் ஏக்கருக்கு 5 சென்ரிமீற்றர் ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல். 10ஐ 11 என்று வாசித்தால் ஓட்டம் 27 வீதம் கூடிவிடும், ஆகவே அளவுகோல் மில்லிமீற்றரில் இருக்கட்டும். அதைத் தகட்டில் ஒட்டக் கூடாது, ஆழத்தின் 4 மடங்கு தூரம் தண்ணீர் வரும் பக்கம் தள்ளி நட்டு, சைபரை வீயின் அடிமட்டத்துக்குச் சரிசெய்யுங்கள். தகட்டைத் தாண்டிய தண்ணீர் காற்றில் விழ வேண்டும். நம் தட்டை நிலத்தில் வயல் நிரம்ப நிரம்பப் பின்னால் தேங்கி வீயை மூடும், அப்போது அந்தச் சூத்திரம் செல்லாது. அந்த நேரம் தொடங்கியதைக் குறித்து, அங்கிருந்து குச்சிக்கு மாறுங்கள். அதற்குள் மண் நிறைந்திருக்கும், குச்சி பொய் சொல்லாது. மழையையும் இரண்டு பாதிக்கும் ஒன்றாகக் கூட்டுங்கள்.

மெதேனை அளக்க வாயு மாதிரி எடுக்கும் பெட்டியும், வாயுவைப் பிரித்து அளக்கும் குரோமற்றோகிராபும் வேண்டும், பாடசாலை வேலை அல்ல. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2019இல் திருத்திய வழிகாட்டியில், பலமுறை காயவிடும் வயலுக்குத் தொடர்ந்து நீர் நிற்கும் வயலின் மெதேனில் 0.55 மடங்கு என்று எடுக்கிறது. அந்தக் குணகத்தை வைத்து மாணவர் கணக்குப் போடலாம், ஆனால் "அளந்தோம்" என்று எழுதக் கூடாது, "கணித்தோம்" என்று எழுதுங்கள். வெப்பத்தைக் கூட்டும் இன்னொரு வாயுவான நைதரசு ஒட்சைட்டு கொஞ்சம் கூடும் என்பதையும் பக்கத்திலே போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மாணவர் அட்டவணை: காலை 7 மணிக்கு ஒரே வாசிப்பு, பைப் எண், மட்டம், வாசித்தவர் பெயர். போகாத நாளை வெறுமையாக விடச் சொல்லுங்கள். "நேற்றையதும் இன்றையதும் நடுவில்" என்று நிரப்பும் பழக்கம் ஒரு கிழமையில் தொற்றிவிடும். ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறையில் யார் வாசிப்பது என்று இப்போதே பெயர் போடுங்கள். தமிழ்ப் பாடசாலை விடுமுறையும் முஸ்லிம் பாடசாலை விடுமுறையும் எப்போதும் ஒன்றாக வராது. இரண்டிலும் இருந்து மாணவர் எடுத்தால் இடைவெளி குறையும்.

விவசாயிகளோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: காயவிட்ட பாதியில் விளைச்சல் குறைந்தால் யார், எவ்வளவு ஈடு செய்வது, பயிர் வாடுவதாகத் தெரிந்தால் விவசாயி யாரிடமும் கேட்காமல் பாய்ச்சலாம், பாய்ச்சிய நேரத்தை மட்டும் எழுத வேண்டும். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் இரவில் பாய்ச்சிவிட்டுச் சொல்லாமல் விடுவார்கள், உங்கள் ஆறு சோடியில் ஒன்று கெட்டது உங்களுக்கே தெரியாது.