புடாபெஸ்டில் இரண்டு இரவு: எங்கே தங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் யூரெயில் பாஸில் (ஐரோப்பிய நாடுகளில் ரயிலில் சுற்ற உதவும் பயணச்சீட்டு) ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். இப்போது வியன்னா. வியாழன் காலை ரயில்ஜெட் என்ற விரைவு ரயிலைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் புடாபெஸ்ட் கெலெட்டி நிலையம். இரண்டு இரவு அங்கே, அப்புறம் ப்ராக்.

அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 200 யூரோவுக்குள் முடிக்க வேண்டும். நேற்று இரண்டு காபிக்கும் ஒரு கேக்குக்கும் கொடுத்ததை அவள் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

கெலெட்டி பக்கத்திலேயே தங்கினால் காலை ரயிலுக்குச் சுலபம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அங்கே நடந்து வரலாமா? பார்கள் நிறைந்த ஏழாவது வட்டாரத்தில் தங்கியவர்கள் யாராவது உண்டா? பார்களின் சத்தத்தில் தூக்கம் வருமா?

செச்செனி வெந்நீர்க் குளத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கட்டணம்தான் இடிக்கிறது. அதைவிடக் குறைந்த செலவில் வேறு குளியல் இல்லம் தெரிந்தால் சொல்லுங்கள். மற்றபடி டான்யூப் கரையோரம் 2ஆம் எண் டிராமில் போனாலே நாடாளுமன்றத்தை விளக்கொளியில் பார்த்துவிடலாம், அது போதும்.

அவள் சைவம். லாங்கோஷ் (எண்ணெயில் பொரித்த ரொட்டி) தவிர வயிறு நிறைய என்ன கிடைக்கும்? புதன் இரவுக்குள் அறை போட வேண்டும், தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.